எஸ்தோனியாவைக் காட்டுகிறவர்கள் காட்டாமல் விடுவது



சில ஆண்டுகளாகக் கல்விப் பயிலரங்குகளில் எஸ்தோனியா என்னும் நாட்டின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. பால்டிக் கடலோரத்தில், பின்லாந்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 13 இலட்சம் மக்களே வாழும் சிறு நாடு அது. 2022ஆம் ஆண்டின் பீசா ஆய்வில் அறிவியலில் ஐரோப்பாவிலேயே முதலிடம் பெற்றது. 1996இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்று பெயர் சூட்டிப் பள்ளிகளுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுசேர்த்தது. 2005இல் இணையவழி வாக்களிப்பைத் தொடங்கியது. ஸ்கைப் மென்பொருளை எழுதிய பொறியாளர்கள் அந்நாட்டுக்காரர்கள். இவை யாவும் உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால், இவற்றைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு, பேச வருகிறவர்கள் எட்டுகிற முடிவு இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. “பாருங்கள், எவ்வளவு சிறிய நாடு! மொழி, இனம் என்று உணர்ச்சிவயப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. அறிவியலைப் பற்றிக்கொண்டார்கள், முன்னேறினார்கள். அறிவியலுக்கு மொழி ஏது?” என்கிறார்கள். அவையில் உள்ளோர் தலையாட்டுகிறார்கள். தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது.

இது தலைகீழான வரலாறு. மொழிக்காகத் தம் பதவியையும் பிழைப்பையும் பணயம் வைத்தவர்களுள் அந்நாட்டின் அறிவியலாளர்களும் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பின்னாளில் நாட்டின் பிரதமராகவே ஆனார். அவர் பெயர் ஆண்ட்ரெஸ் தாரண்ட். எஸ்தோனியாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவர்கள் ஒருவரும் இவர் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை.

தாரண்ட் 1940ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் தலைநகர் தாலினில் பிறந்தவர். அவர் பிறந்த அதே ஆண்டில்தான் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியாவை விழுங்கியது. தார்த்து பல்கலைக்கழகத்தில் தட்பவெப்பவியல் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். புவியியலில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். அண்டார்க்டிக் ஆய்வு நிலையம் ஒன்றில் ஓராண்டுக் காலம் பணியாற்றினார். பின்னர்த் தாலின் தாவரவியல் பூங்காவில் ஆய்வாளராகவும் பல பொறுப்புகளிலும் இருந்தார். அரசியல் ஆசை உடையவர் தேர்ந்தெடுக்கும் பாதையா இது? செடி கொடிகளுக்கும் வானிலைக் குறிப்புகளுக்கும் நடுவே அமைதியாக ஓய்வுபெற்றிருக்கலாம்.

அவர் பயின்ற தார்த்து பல்கலைக்கழகத்தைப் பற்றி இங்கே இரண்டு சொல் சொல்லியாக வேண்டும். 1632இல் சுவீடன் மன்னர் காலத்தில் நிறுவப்பட்ட பழம்பெரும் கல்விக்கூடம் அது. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு அருகில், அங்கே அம்மண்ணின் மொழிக்கு இடமில்லை. முதலில் இலத்தீன், பிறகு செருமன், பிறகு உருசிய மொழி. எஸ்தோனிய மொழி உழவரின் மொழி, அடுப்படி மொழி, அதில் உயர்கல்வியா என்று சிரித்தார்கள். (எங்கோ கேட்ட சிரிப்பு போல் இருக்கிறதல்லவா?) நாடு விடுதலையடைந்த பின் 1919ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள்தான் அது எஸ்தோனிய மொழிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டது.

அன்று அந்த மொழியில் அறிவியலுக்குப் போதிய சொற்கள் இருந்தனவா? இல்லை. யோஹன்னஸ் ஆவிக் என்னும் மொழியறிஞர் பின்லாந்து மொழியிலிருந்து கடன் வாங்கினார், வட்டார வழக்குகளிலிருந்து சொற்களைத் தோண்டி எடுத்தார், அதுவும் போதாதபோது எந்த வேரும் இல்லாமல் தாமே ஒலிகளைச் சேர்த்துச் சொற்களைப் படைத்தார். ‘படைக்கலம்’ என்பதற்கு இன்று எஸ்தோனியர் வழங்கும் ‘ரெல்வ்’ என்ற சொல் அவர் படைத்ததே. யோஹன்னஸ் வோல்டெமார் வெஸ்கி என்பவர் துறைவாரியாகக் கலைச்சொற்களைத் திரட்டினார். இருவரும் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டவர்கள் என்பது வேறு கதை. முட்டிக்கொண்டாலும் வேலை நடந்தது. கலைச்சொல் இல்லை, ஆகவே அம்மொழியில் அறிவியல் கற்பிக்க இயலாது என்று கூறுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? சொல் இருந்ததால் பல்கலைக்கழகம் வரவில்லை. பல்கலைக்கழகம் வந்ததால் சொல் பெருகிற்று.

தாரண்ட் 1963இல் பெற்ற பட்டம் இந்த உழைப்பின் விளைச்சல். சோவியத் ஆட்சி வந்தபின்னும் தார்த்துவில் எஸ்தோனிய மொழிவழிக் கல்வி தொடர்ந்தது. அதைத்தான் 1970களின் பிற்பகுதியில் மெல்ல மெல்ல அரிக்கத் தொடங்கினார்கள்.

அரித்த விதத்தை ஆசிரியர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். எஸ்தோனிய மொழியைத் தடை செய்கிறோம் என்று எவரும் அறிவிக்கவில்லை. 1978இல் கட்சியின் முதற்செயலாளராக வந்த கார்ல் வைனோ எஸ்தோனியப் பெயரைத் தாங்கியவர், ஆயினும் உருசியாவில் பிறந்து வளர்ந்தவர், மக்களின் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசியவர். அவர் காலத்தில் மழலையர் பள்ளி முதற்கொண்டு உருசிய மொழி கற்பிக்கும் இயக்கம் முடுக்கிவிடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் உருசிய மொழியில் அளிக்கப்பட வேண்டும் என்றார்கள். எஸ்தோனிய இலக்கியத்தை ஆராய்ந்து எழுதினாலும் உருசிய மொழியில்தான் எழுத வேண்டும்! காரணம் கேட்டால் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? பரந்த உலகத்தோடு உறவாட ஒரு பெருமொழி வேண்டும், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு அது உதவும் என்றார்கள். இனிப்பில் பொதிந்து கொடுத்தார்கள். 1934இல் மக்கள் தொகையில் 88 விழுக்காடாக இருந்த எஸ்தோனியர், 1989இல் 61.5 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த இனிப்பு ஏன் கசந்தது என்பது விளங்கும்.

1980ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இது வெடித்தது. வெடித்தவர்கள் பள்ளி மாணவர்கள். செப்டம்பர் மாத இறுதியில், தாலினில் ‘புரொப்பெல்லர்’ என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சி தடைசெய்யப்பட்டது. அதைத் தொடர்ந்து அக்டோபர் தொடக்கத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். காவலர் அடித்தார்கள். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் உண்டு. அவ்வாண்டுதான் எல்சா கிரெச்கினா என்னும் உருசிய இனத்தவர் கல்வி அமைச்சராக அமர்த்தப்பட்டிருந்தார் என்பதும் மாணவர் சினத்துக்கு நெய் வார்த்தது. ஏடுகளில் இதைப் பற்றி உருப்படியாக ஒரு வரி வரவில்லை. வந்ததெல்லாம் ‘போக்கிரிகள்’ என்ற வசை.

அக்டோபர் 28ஆம் நாளிட்ட ஒரு மடல் அப்போது எழுதப்பட்டது. வரலாற்றில் அதற்கு ‘நாற்பதின்மர் மடல்’ என்று பெயர். மாஸ்கோவின் பிராவ்தா நாளேட்டுக்கும், எஸ்தோனியாவின் இரு நாளேடுகளுக்கும் அது முகவரியிடப்பட்டது. நாற்பது பேர் கையொப்பமிட்டார்கள். கவிஞர் யான் கப்லின்ஸ்கி, எழுத்தாளர் மாத்தி உண்ட், மொழியியலாளர் மாத்தி ஹிண்ட், இயற்கையாளர் பிரெட் யூசி, ஊடக ஆய்வாளர் மார்யு லௌரிஸ்டின், உளவியலாளர் பேட்டர் துல்விஸ்தே. அவர்களோடு தட்பவெப்பவியலாளர் ஆண்ட்ரெஸ் தாரண்ட்.

அந்த மடல் ஒரு முழக்கமன்று. கலகக்காரர்களின் அறிக்கையுமன்று. மாணவரின் சினத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று நிதானமாக ஆராய்கிறது. மக்கள் தொகையில் எஸ்தோனியரின் பங்கு குறைவதை எடுத்துக்காட்டுகிறது. அலுவலகத்திலும் அன்றாட வாழ்விலும் அறிவியலிலும் எஸ்தோனிய மொழியின் இடம் சுருங்குவதைச் சான்றுகளோடு சொல்கிறது. ‘அறிவியலிலும்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். ஒரு மொழி கவிதையில் மட்டும் வாழ்ந்தால் போதும் என்று அந்த நாற்பது பேர் எண்ணவில்லை. ஆய்வேட்டில் அது இல்லையென்றால் நாளை பாடநூலில் இராது, பாடநூலில் இல்லையென்றால் மறுநாள் அடுப்படிக்கே திரும்பிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

எந்த நாளேடும் மடலை வெளியிடவில்லை. கையெழுத்துப் படியாகவும் தட்டச்சுப் படியாகவும் அது நாடெங்கும் பரவியது. வெளிநாட்டு ஏடுகளுக்கும் போயிற்று. கையொப்பமிட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், மிரட்டப்பட்டார்கள். வேலையை இழந்தவர்கள் உண்டு. எழுத்தை வெளியிட வழியின்றிப் போனவர்கள் உண்டு.

எஸ்தோனியாவின் விடுதலை என்றவுடன் பலரும் ‘பாடும் புரட்சி’யைச் சொல்வார்கள். 1988இல் இலட்சக்கணக்கானோர் திடலில் கூடிப் பாடிய காட்சி அழகான காட்சிதான். படம் பிடிக்க ஏற்றது. ஆனால் இலட்சம் பேரோடு நின்று பாடுவதற்கு வேண்டிய துணிவு ஒன்று. நாற்பது பேரில் ஒருவராய்த் தன் பெயரையும் தொழிலையும் எழுதிக் கையொப்பமிடுவதற்கு வேண்டிய துணிவு மற்றொன்று. இரண்டாவது இல்லாமல் முதலாவது நடந்திருக்காது என்பது என் துணிபு. தாரண்டும் அவருடைய தோழர் இருவரும் சேர்ந்து இம்மடலின் கதையைப் பின்னர் 1990இல் நூலாகவே வெளியிட்டார்கள்.

இனி அவருடைய அரசியல் வாழ்வுக்கு வருகிறேன். அதை ஒரு விபத்து போல எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘ஐந்து மாதப் பிரதமர்’, ‘இடைக்காலத்தை ஓட்டியவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஐந்து மாதம் என்பது உண்மை. 1994 நவம்பர் 8 முதல் 1995 ஏப்பிரல் 17 வரை. ஆனால் அந்த ஐந்து மாதத்தின் முன்னும் பின்னும் பாருங்கள்.

விடுதலைக்குப்பின் 1992இல் மார்ட் லார் என்னும் 32 வயது வரலாற்று மாணவர் பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் தாரண்ட் சுற்றுச்சூழல் அமைச்சர். விரைவான சீர்திருத்தங்கள், கடும் விலைவாசி, கட்சிக்குள் பூசல். புதிய நாணயம் வந்தபோது திரட்டப்பட்ட பழைய ரூபிள் தாள்களை விற்ற விவகாரம் வெளிவந்து, 1994 செப்டம்பர் 26ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் லார் வீழ்ந்தார். அடுத்த இரண்டாம் நாள் நள்ளிரவுக்குப் பின், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குச் சென்ற ‘எஸ்தோனியா’ என்னும் பயணக் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கியது. 852 பேர் மாண்டார்கள். அரசு கவிழ்ந்த நிலையில் நாடே துக்க வீடாயிற்று. நடுவண் வங்கித் தலைவர் சீம் கல்லாஸ் பிரதமர் பதவிக்கு முன்மொழியப்பட்டு, போதிய ஆதரவின்றித் தோற்றார். கட்சிகள் ஒன்றையொன்று நம்பாத அந்த வேளையில், எல்லாரும் ஒருவாறு ஏற்கக்கூடிய ஒருவராகத் தேறியவர் தாரண்ட்.

இதை விபத்து என்பதா? பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அஞ்சாமல் கையொப்பமிட்டவர் என்ற நம்பகத்தன்மை அவருக்கு இருந்தது. கூச்சலிடாதவர் என்ற பெயரும் இருந்தது. தேர்தல் வரை வீட்டைக் கட்டிக்காக்க வேண்டிய பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. கட்டிக்காத்தார். அதோடு நிற்கவில்லை. உருசியாவுடன் இழுபறியாக இருந்த எல்லைச் சிக்கலில், 1920ஆம் ஆண்டின் தார்த்து அமைதி உடன்படிக்கை செல்லும் என்று உருசியா ஒப்புக்கொண்டால், அந்த உடன்படிக்கைப்படி தமக்குரிய நிலத்தைக் கேட்டு வாதிடப் போவதில்லை என்னும் பொருள்பட வெளிப்படையாகப் பேசினார். அது ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் நிலம். தேர்தலுக்குச் சில மாதமே இருக்கும்போது நிலத்தை விட்டுத்தரப் பேசுகிற அரசியல்வாதியை எங்கேனும் கண்டதுண்டா? மாஸ்கோ ஏற்கவில்லை, உள்ளூர்த் தேசியவாதிகள் ஏசினார்கள். 1995 மார்ச்சுத் தேர்தலில் அவருடைய மிதவாதிகள் அணிக்குக் கிடைத்தவை 101 இடங்களில் வெறும் ஆறு. அறிவியலாளர்கள் அரசியலில் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐந்து மாதத்துக்குள் இன்னும் இரண்டு சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. சனவரி 19இல் குடியுரிமைச் சட்டம். பிப்ரவரி 21இல் மொழிச் சட்டம். (அதே பிப்ரவரி 21ஐத்தான் பின்னர் 1999இல் யுனெஸ்கோ அனைத்துலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அது வங்காளியர் ஈகத்தை முன்னிட்டு. நாள் ஒன்றானது தற்செயலே.) எஸ்தோனிய மொழியே ஆட்சிமொழி என்பது 1989 சனவரியிலேயே, சோவியத் ஒன்றியம் கலையுமுன்பே, சட்டமாகியிருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புதிய குடியரசுக்கு ஏற்ப வலுப்படுத்தியது.

மகிழ்ந்து கைதட்ட வேண்டிய இடம் இது. நானும் கைதட்டத்தான் விரும்புகிறேன். ஆனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகிய நான் இந்த இடத்தில் சற்று நின்றாக வேண்டியிருக்கிறது. ஒரு பெரும்பான்மை மொழியின் நிழலில் தாய்மொழிப் பள்ளி நடத்துகிறவர்கள் நாம். எஸ்தோனியாவின் கதையில் நாம் யாருடைய இடத்தில் நிற்கிறோம்? 1980இல் எஸ்தோனியர் இடத்தில். 1995க்குப் பிறகு? அங்குள்ள உருசிய மொழிப் பள்ளி ஆசிரியர் இடத்தில் என்று சொன்னால் எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

அந்த மொழிச் சட்டம் எஸ்தோனிய மொழி தவிர்ந்த மற்றெல்லா மொழியையும் ‘அயல்மொழி’ என்று வரையறுத்தது. நார்வா நகரில் பிறந்து, அங்கேயே வளர்ந்த குழந்தை தன் தாயிடம் பேசும் மொழி சட்டப்படி அயல்மொழி. குடியுரிமைச் சட்டம், விண்ணப்பிக்க வேண்டிய வாழ்காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது, மொழித்தேர்வும் இருந்தது. விடுதலையின் தொடக்கத்தில் நாட்டில் வாழ்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லாதவராய் நின்றார்கள். பின்னாளில் அத்தொகை வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 இறுதியில் இன்னொரு சட்டம் வந்தது. 2024 செப்டம்பர் முதல் மழலையர் பள்ளியிலும் முதலாம், நான்காம் ஆண்டுகளிலும் தொடங்கி, உருசிய மொழிப் பள்ளிகள் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாற வேண்டும்.

இதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் எனக்குத் தெரியாமலில்லை. இரு மொழிப் பள்ளிகளின் மாணவரிடையே பீசா மதிப்பெண்ணில் இடைவெளி இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது. ஆட்சிமொழி தெரியாத பிள்ளைக்கு வேலைக்கதவு அடைபடுகிறது என்கிறார்கள். அடைபடுகிறது. உக்ரேன் மீது 2022இல் உருசியா படையெடுத்ததைக் கண்ட சிறு நாட்டின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஐம்பது ஆண்டுக் காலம் மிதிக்கப்பட்டவனுக்குத்தான் மிதியின் வலி தெரியும். ஆட்சிமொழியைக் கட்டாயப் பாடமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளும் மலாய் கற்கிறார்கள், நன்றாகவே கற்க வேண்டும். ஆனால் ஆட்சிமொழியைக் கற்பிப்பது வேறு, தாய்மொழிப் பள்ளியையே இல்லாமல் ஆக்குவது வேறு. ‘பிள்ளைகளின் முன்னேற்றத்துக்காக’ என்ற அதே இனிப்புத் தாளில் பொதிந்து இதையும் கொடுக்கிறார்களே என்பதே என் மனக்குறை.

இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த சான்று வேறெங்கும் இல்லை, அந்த நாற்பதின்மர் மடலிலேயே இருக்கிறது. தாய்மொழியின் பேராலும் பிறந்த இனத்தின் பேராலும் ஒருவர்கூட இழிவுக்கோ இடையூறுக்கோ ஆளாகாத நாடாக எஸ்தோனியா விளங்க வேண்டும் என்னும் கருத்தை அம்மடல் தெளிவாகச் சொல்கிறது. ‘எஸ்தோனியர் ஒருவர்கூட’ என்று அவர்கள் எழுதவில்லை. ஒருவர்கூட என்றே எழுதினார்கள். நசுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்ட சொல் அது. நசுக்கியவர்களின் பிள்ளைகளையும் உள்ளடக்கிய சொல். அதில் தாரண்டின் கையொப்பம் இருக்கிறது. அவர் பிரதமராக இருந்தபோது நிறைவேறிய சட்டத்தில் அந்தச் சொல்லின் அகலம் இல்லை என்பது என் கருத்து. மடலையும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொன்னால், நான் மடலின் பக்கம் நிற்பேன். அவரை மதிப்பதாலேயே நிற்பேன்.

பிரதமர் பதவி போனபின் அவர் ஒதுங்கிவிடவில்லை. மிதவாதிகள் கட்சியை 1996 முதல் 2001 வரை தலைமை தாங்கி நடத்தினார். 2001 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நாடாளுமன்றத்தின் முதற்சுற்றில் நின்று 38 வாக்கு பெற்றார். எதிர்த்து நின்ற பேட்டர் கிரெயிட்ஸ்பெர்க்குக்கு 40. இருவருக்குமே தேவையான அளவு கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் தாரண்டுக்கு மாற்றாக நிறுத்தப்பட்டவர் யார் தெரியுமா? மடலில் கையொப்பமிட்ட அதே பேட்டர் துல்விஸ்தே. அவரும் வெல்லவில்லை. இறுதியில் தேர்வுப் பேரவையில் வென்றவர் ஆர்னோல்ட் ரூட்டெல். மடல் எழுதப்பட்ட 1980இல் அவர் சோவியத் எஸ்தோனிய அரசின் உயர் பதவியில் இருந்தவர்! அரசியல் எவ்வளவு பெரிய கேலிக்காரன் பாருங்கள். (1988இல் இறையாண்மை அறிவிப்பு வந்தபோது ரூட்டெல் மக்கள் பக்கம் நின்றார் என்பதையும் மறைக்கக் கூடாது.) தாரண்ட் பின்னர் 2004 முதல் 2009 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

நான் பெரிதும் வியப்பது இதையல்ல. குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற அதே 2001ஆம் ஆண்டில் அவர் பெயரில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியானது. நார்வே நாட்டு வானிலையாளர் ஒருவரோடு சேர்ந்து, தாலினின் வெப்பநிலையை ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிக் கணித்த கட்டுரை. அனைத்துலக ஆய்விதழில், ஆங்கிலத்தில் வந்தது.

வெப்பமானியே இல்லாத காலத்து வெப்பத்தை எப்படிக் கணிப்பது? இதை உங்கள் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், கண் விரியக் கேட்பார்கள். தாலின் துறைமுகம் குளிர்காலத்தில் உறைந்துவிடும். வேனில் நெருங்குகையில் பனிக்கட்டி உடைந்து கப்பல் போக்குவரத்துத் தொடங்கும். துறைமுக நகரத்துக்கு அது வருவாய்க்குரிய நாள் என்பதால் பழைய பதிவுகளில் அதற்குத் தடயம் உண்டு. குளிர் கடுமையாக இருந்த ஆண்டில் பனி பிந்தி உடையும். மென்மையாக இருந்த ஆண்டில் முந்தி உடையும். அதுபோலவே ரை என்னும் தானியத்தின் அறுவடை தொடங்கிய நாள் அவ்வாண்டின் இளவேனிலும் கோடையும் எப்படி இருந்தன என்று சொல்லிவிடும். கருவிகள் வந்தபின் அளந்த வெப்பநிலையோடு இந்த நாள்களை ஒப்பிட்டு, அந்த உறவைக் கொண்டு கருவியில்லாக் காலத்தையும் கணித்துவிடலாம். கணக்கரும் உழவரும் விட்டுச்சென்ற தடயங்கள் அறிவியலாக மாறும் விதம் இது. அரசியலில் தலை மூழ்கியிருந்தபோதும் அவர் இந்த வேலையை விடவில்லை.

பின்னர் 2013இல், வேறிரு ஆய்வாளருடன் சேர்ந்து, எஸ்தோனியாவின் தட்பவெப்பத்தின் பழமையையும் இன்றைய நிலையையும் கூறும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதை எழுதிய மொழி எஸ்தோனிய மொழி. உலகத்து ஆய்வாளருக்கு ஆங்கிலத்தில் கட்டுரை, தன் மண்ணின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தன் மொழியில் நூல். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவரை எவரும் மிரட்ட முடியவில்லை.

நம்மை மிரட்ட முடிந்தது. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் பள்ளிகளுக்குள் வந்தபோது, தமிழ்ப்பள்ளிகள் சார்பில் எழுந்த குரல்களுள் மொழிப்பற்றாளர்களின் குரல் இருந்தது, எழுத்தாளர்களின் குரல் இருந்தது, ஆசிரியர்களின் குரல் இருந்தது. 2009இல் அத்திட்டம் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் இருமொழித் திட்டம் என்ற பெயரில் வேறு வாசல் வழியே வந்தது. மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கும் நம்மவர்கள், தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் கற்று உயர்ந்தவர்கள், அந்நாள்களில் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். பேசியவர்கள் சிலர் உண்டு, அவர்களை வணங்குகிறேன். பேசாதவர்களுக்கு இழக்க என்ன இருந்தது? தாரண்டுக்கு இருந்ததைப் போல் உளவுத்துறை வாசலில் நிற்கவில்லையே!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருமொழித் திட்டத்துக்கு இசைவுப் படிவம் வந்தால், கையொப்பமிடுமுன் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பயிலரங்கில் எஸ்தோனியாவின் பீசா தரவரிசை திரையில் வரும்போது, கை உயர்த்தி ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்தப் பதினைந்து வயது மாணவர்கள் அந்தத் தேர்வை எந்த மொழியில் எழுதினார்கள்?

எஸ்தோனிய மொழியிலும் உருசிய மொழியிலும் எழுதினார்கள்.